கியர்பாக்ஸை இறக்கும் முன்: மலையேறும் பழைய வண்டியின் கிளட்சுக்குச் சில குறிப்புகள்

விடிவதற்கு முன்னால் கம்பம், கூடலூர், போடிப் பக்கம் நின்று பார்த்தால் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறுவது தெரியும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று எந்த வழியில் போனாலும் ஏற்றமும் வளைவும்தான். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போனால் 18. மதுரை ரோட்டில் ஓடும் வண்டிக்கும் இங்கே ஓடும் வண்டிக்கும் கிளட்ச் மிதிபடும் கணக்கே வேறு. அதனாலேயே இந்தப் பக்கத்தில் கியர் விழவில்லை என்றதும் "பிளேட்டு போச்சு, கியர்பாக்ஸை இறக்கிர வேண்டியதுதான்" என்று பேச்சு வந்துவிடுகிறது. பல நேரம் உள்ளே பிளேட்டு நன்றாகவே இருக்கும். கெட்டுப்போனது வெளியே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் வாஷராக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச், ஒரு பழைய துணி, பெடலை மிதிக்க ஓர் ஆள், இவ்வளவு போதும்.

1. முதலில் உங்கள் வண்டியில் இருப்பது ஆயில் கிளட்சா, கேபிள் கிளட்சா என்று பாருங்கள். மாருதி 800, ஆம்னி போன்றவற்றில் கேபிள்தான். பழைய ஜீப்புகளில் ராடு, கேபிள் இணைப்பு உள்ளவையும் உண்டு. குவாலிஸ், சுமோ, பொலிரோ, டெம்போ டிராவலர் எல்லாம் ஆயில் கிளட்ச். சந்தேகம் இருந்தால் கிளட்ச் பெடலுக்கு நேர் எதிரே, பானெட்டுக்குள் பாருங்கள். அங்கே சிறு சிலிண்டரும் அதிலிருந்து கிளம்பும் பைப்பும் இருந்தால் ஆயில் கிளட்ச். கேபிள் வண்டிக்கு இந்தக் குறிப்புகளில் பாதி பொருந்தாது.

2. இரண்டு ஊசி சிரிஞ்சுகளை ஒரு ரப்பர் குழாயால் இணைத்து, ஒன்றை அழுத்தினால் மற்றது வெளியே தள்ளும் அல்லவா? ஆயில் கிளட்ச் முழுக்க அதுதான். பெடல் அழுத்துவது மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டரை. கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர், ஆயில் தள்ளிய தள்ளில் ஒரு கம்பியை நகர்த்தும். கம்பி ஃபோர்க்கை அசைக்கும். ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை பிரஷர் பிளேட்டின் மேல் அழுத்தும். அப்போதுதான் பிளேட்டு விடுபடும். இந்த வரிசையில் எங்கே தள்ளு தொலைகிறது என்பதுதான் கேள்வி.

3. கிளட்ச் கெடுவது இரண்டு வகை. இதைப் பிரித்தாலே பாதி வேலை முடிந்தது. ஒன்று, மிதித்தாலும் விடுபடாது: கியர் கடிக்கும், ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று கத்தும், பெடலை முழுக்க மிதித்திருக்கும்போதே வண்டி முன்னால் நகரப் பார்க்கும். இரண்டு, விட்டாலும் பிடிக்காது: எஞ்சின் அலறும், வண்டி இழுக்காது, ஏற்றத்தில் கருகல் வாசம் வரும். முதல் வகைக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆயில் பக்கத்தை. இரண்டாவது வகை பெரும்பாலும் பிளேட்டு தேய்மானம். இரண்டையும் ஒரே பேரில் 'கிளட்ச் போச்சு' என்று மெக்கானிக்கிடம் சொன்னால், அவர் தனக்குத் தெரிந்த பெரிய வேலையைத்தான் ஆரம்பிப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

4. முதல் வகையை உறுதி செய்ய: சமதரையில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, ஐந்தாறு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் விடுபடுகிறது. அப்போதும் கடித்தால் விடுபடவில்லை. பொறுக்காமல் உடனே போட்டால் நல்ல கிளட்சிலும் லேசாகக் கடிக்கும், ஏமாந்துவிட வேண்டாம்.

இரண்டாவது வகைக்கு: அதே இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இறுகப் போட்டு, காலால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நின்றால் பிளேட்டு பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கும் பிளேட்டையும் நீங்களே கருக்கிவிடுவீர்கள்.

5. ஆயில் டப்பாவைத் திறப்பதற்கு முன் மூடியைச் சுற்றித் துடையுங்கள். தோட்டத்து மண்சாலையில் ஓடும் வண்டியில் மூடி மேல் எப்போதும் செம்மண் இருக்கும். அது உள்ளே விழுந்தால் வாஷரை அரமாய் ராவிவிடும். அளவு குறைந்திருந்தால் 'ஊற்றிக்கொள்ளலாம்' என்று விட்டுவிடக் கூடாது. பிரேக்கில் பேடு தேயத் தேய ஆயில் அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. கிளட்சில் அப்படி இல்லை. பிளேட்டு தேய்ந்தால் ஸ்லேவின் பிஸ்டன் உள்ளே தள்ளப்படும், டப்பாவில் அளவு கொஞ்சம் ஏறவே செய்யும். ஆகவே கிளட்சுக்குத் தனி டப்பா உள்ள வண்டியில் ஆயில் குறைந்தால் எங்கோ கசிகிறது, அவ்வளவுதான். சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. அங்கே கிளட்ச் கசிவு என்பது பிரேக் விவகாரமும்கூட. சரிசெய்யாமல் மலையேறக் கூடாது.

6. கசிவு தேட முதல் இடம் வண்டிக்குள்தான். டிரைவர் சீட்டுக்கு முன்னால் கீழே குனிந்து, பெடலிலிருந்து மேலே போகும் தள்ளுகம்பி எஞ்சின் அறைச் சுவரில் நுழையும் இடத்தை விரலால் தடவுங்கள். பிசுபிசுப்பாக ஈரம் இருந்தாலும், அதற்குக் கீழே சுவரில் பெயின்ட் உரிந்து கோடாக இறங்கியிருந்தாலும், மாஸ்டரின் பின்வாஷர் போய்விட்டது. கிளட்சில் இருப்பதும் பிரேக் ஆயில்தான், பெயின்டை உரிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. கால்மிதி நனைந்திருப்பதை மழைத் தண்ணீர் என்று பல பேர் விட்டுவிடுகிறார்கள். குமுளிப் பக்கம் ஆடி மாதம் ஓடும் வண்டியில் அப்படி நினைப்பது சகஜம். தண்ணீர் காய்ந்துவிடும், இது காயாது.

7. இரண்டாவது இடம் ஸ்லேவ். வண்டியின் கீழே போவதற்கு முன் எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் அணை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்க வேண்டாம், ஸ்டாண்டு வையுங்கள். சைலன்சர் குழாய் ஆறியிருக்கட்டும். ஸ்லேவின் முனையில் கம்பியைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் காய்ந்து, மண் அப்பி, ஒரு குறையும் இல்லாததுபோல் தெரியும். அதன் உதட்டை நகத்தால் மெல்ல நெம்பி விடுங்கள். நல்ல ஸ்லேவில் உள்ளே உலர்ந்த தூசிதான் இருக்கும். போன ஸ்லேவில் மடிப்புக்குள் தேங்கிய ஆயில் விரல் வழியாக முழங்கைக்கு ஓடும், கூடவே கருப்பாய் ஒரு சேறு: கரைந்த ரப்பரும் சிலிண்டர் துருவும் கலந்தது. பூட் கிழியாத வரை ஒரு சொட்டுகூடத் தரையில் விழாது என்பதால்தான் 'கசிவே இல்லையே' என்று எல்லாரும் ஏமாறுகிறார்கள்.

பிறகு பைப் இணைப்புகளையும், ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சில புது மாடல்களில் ஸ்லேவ் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அவற்றில் கூட்டின் அடியில் ஆயில் சொட்டினால் கியர்பாக்ஸை இறக்குவதைத் தவிர வழியில்லை.

8. எங்கும் ஈரமில்லை, டப்பாவும் நிறைந்திருக்கிறது, ஆனாலும் பெடல் இறங்குகிறதா? மாஸ்டருக்குள் வாஷர் தேய்ந்து ஆயில் பின்பக்கமாக நழுவுகிறது. இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. சமதரையில், முன்னால் நல்ல இடம் விட்டு, முதல் கியரில் கிளட்சை முழுக்க மிதித்து, மற்றொரு காலைப் பிரேக் மேல் தயாராக வைத்துக்கொண்டு அப்படியே இருங்கள். முதலில் வண்டி அசையாமல் நின்று, அரை நிமிஷத்தில் காலை எடுக்காமலேயே மெல்ல ஊரத் தொடங்கினால் மாஸ்டர்தான். சிக்னலில் நின்றிருக்கும்போது கியர் போட்டது சரியாக இருந்து, கிளம்பும்போது 'தானா இழுக்குதே' என்பதும் இதே கதைதான்.

9. இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்தால் பெடல் சரியாகி, சற்று நேரத்தில் மறுபடி தொய்ந்தால் லைனில் காற்று இருக்கிறது. காற்று சும்மா வராது. ஆயில் தீர்ந்தோ, வாஷர் வழியாகவோ, பைப்பைக் கழற்றியோதான் வந்திருக்க வேண்டும். வழியை அடைக்காமல் காற்றை மட்டும் எடுத்தால் அடுத்த வாரமும் அதே வேலை.

10. இத்தனைக்கும் பிறகு சந்தேகம் தீரவில்லை என்றால் அளந்து பார்த்துவிடுங்கள். ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க, இன்னொருவர் ஸ்லேவ் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று பக்கவாட்டில் ஸ்கேல் பிடித்துப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் போல இருக்கும். சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உண்டு. கம்பி அரைகுறையாக நகர்ந்தால் கோளாறு வெளியே: மாஸ்டர், ஸ்லேவ், காற்று, ஹோஸ், பெடலின் தேய்ந்த புஷ். கம்பி முழுசாக நகர்ந்தும் கியர் விழவில்லையா? ஃபோர்க் வளைந்திருக்கலாம், பிளேட்டு நெளிந்திருக்கலாம், பைலட் பேரிங் பிடித்திருக்கலாம். கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்க வேண்டிய இடம் இதுதான். எனக்குத் தெரிந்து பணம் மிச்சமாக இதைவிட நல்ல சோதனை இல்லை, ஆனால் செய்பவர்கள் குறைவு.

11. வழுக்கும் கிளட்சிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப வரவிடாமல் அடைத்துக்கொள்ளும். மாஸ்டரில் ஆயில் திரும்பும் சிறு துளை அழுக்கால் அடைத்தாலும், தள்ளுகம்பிக்குக் கொஞ்சம்கூட விளையாட்டு இல்லாமல் முறுக்கி வைத்திருந்தாலும் இதே கதி. பெடலில் காலே இல்லாதபோதும் கிளட்ச் பாதி மிதித்த நிலையில் நிற்கும். ஏற்றத்தில் வழுக்கும், புது பிளேட்டு போட்டாலும் சில நாளில் கருகும். வழுக்கும்போது வண்டியை ஓரம்கட்டி எஞ்சினை அணைத்து, ஸ்லேவில் காற்று எடுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். ஆயில் அழுத்தத்தோடு பீய்ச்சி, நிப்பிளை மூடியதும் கிளட்ச் பிடிக்கத் தொடங்கினால், பிளேட்டின் மேல் பழி போடாதீர்கள்.

12. எந்த ஆயில்? டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும்: டாட் 3 அல்லது டாட் 4. இரண்டும் கிளைக்கால் வகை. அவசரத்துக்குக் கலந்தாலும் கெடாது. 'டாட் 5' என்பது சிலிக்கான், அதைக் கலக்கவே கூடாது. 'டாட் 5.1' மறுபடி கிளைக்கால்தான். எண்ணைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

கிளைக்கால் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கு விதிக்கப்பட்ட அளவு 140 தான். டாட் 4-க்கு இவை 230, 155. கிளட்சில் பிரேக் அளவு சூடு வராது. இங்கே தண்ணீர் செய்யும் கெடுதல் துரு. சிலிண்டர் சுவரில் ஊசிமுனைக் குழிகள் விழும், புது வாஷரையும் அவை அறுக்கும். கேரளப் பக்கம் பருவமழை முழுக்க நனைந்து, மாலையில் பள்ளத்தாக்கின் வெயிலுக்கு இறங்கும் வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது நியாயமான கணக்கு. ஆயில் தேன் நிறம் போய்க் கருத்திருந்தால் வருஷம் பார்க்க வேண்டாம். திறந்து வைத்த பாட்டிலில் மிஞ்சியதைப் பரணில் வைத்து அடுத்த ஆண்டு ஊற்றாதீர்கள்.

13. வழியில் ஆயில் தீர்ந்துவிட்டது என்று எஞ்சின் ஆயில், தேங்காய் எண்ணெய், கியர் ஆயில் எதையும் ஊற்ற வேண்டாம். எண்ணெய் பட்ட வாஷர்கள் ஊதிக் கொழகொழத்துவிடும். பிறகு மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மூன்றையும் மாற்றிப் பைப்பையும் கழுவ வேண்டும். ஒரே டப்பா உள்ள வண்டியில் பிரேக்கும் கூடவே போகும். இறக்கத்தில் அது தெரியவருவது உயிர் சமாச்சாரம்.

14. கிட்டா, முழு சிலிண்டரா? பிஸ்டனை வெளியே எடுத்து, சிலிண்டர் உட்சுவரைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடிபோல் இருந்தால் வாஷர் கிட் போதும். நகம் தட்டுப்படும் குழியோ கோடோ இருந்தால் முழுசாக மாற்றுங்கள். எமரி பேப்பரால் தேய்த்துச் சரிக்கட்டுவது, அதுவும் அலுமினிய சிலிண்டரில், ஒரு மாதம்கூடத் தாங்காது. கழுவப் பெட்ரோல், டீசல் கூடாது. பிரேக் ஆயிலாலேயே கழுவி, அதையே தடவி, வாஷரின் உதடு எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் போடுங்கள். மேலே மாற்றினால் கீழேயும் மாற்றிவிடுவது என் கட்சி. மாஸ்டர் புதிதாகி முழு அழுத்தம் வந்ததும், அதுவரை சும்மா இருந்த பழைய ஸ்லேவ் கசிய ஆரம்பிப்பதை ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

15. ஏர் எடுப்பது. ஸ்லேவில் உள்ள நிப்பிளில் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானரை முதலில் மாட்டி, அதன்மேல் கண்ணாடி டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள். ஓப்பன் ஸ்பானர் போட்டால் துருப்பிடித்த நிப்பிளின் முனை மழுங்கும், பிறகு அழ வேண்டியதுதான். மேலே ஒருவர், கீழே ஒருவர். பேச்சு இப்படித்தான் போக வேண்டும்:

"மிதிடா."
"மிதிச்சிட்டேன்ப்பா."
"எடுக்காத, அப்படியே இரு."

இப்போது நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால் டியூபில் குமிழி ஓடும். பெடல் தரைக்கு இறங்கும். நிப்பிளை மூடிய பிறகே "விடு" என்று சொல்ல வேண்டும். வரிசை மாறி, திறந்திருக்கும்போது கால் எடுத்தால் காற்று அதே வழியாக உள்ளே போய்விடும். பெடல் தானாக மேலே வராவிட்டால் கையால் தூக்கிவிடுங்கள். வேகமாகப் பம்ப் அடிக்காதீர்கள், குமிழி நுரையாக உடைந்து வெளியே வர மறுக்கும். நாலைந்து தடவைக்கு ஒருமுறை டப்பாவை நிரப்புங்கள். அது ஒருமுறை காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குமிழி நின்று, ஆயில் நிறம் தெளிந்து வந்தால் முடிந்தது.

16. எவ்வளவு எடுத்தாலும் காற்று போகவில்லையா? நிப்பிள் ஸ்லேவின் உச்சியில் இருக்கிறதா பாருங்கள். சில ஸ்லேவைக் கழற்றி, நிப்பிள் மேலே பார்க்கும்படி சாய்த்துப் பிடித்தால்தான் காற்று வெளியேறும். அப்படிக் கழற்றிப் பிடிக்கும்போது கம்பியை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொள்ளாவிட்டால் பிஸ்டன் வெளியே குதிக்கும். இன்னொரு வழி, பெரிய சிரிஞ்சில் புது ஆயில் எடுத்துக் கீழே நிப்பிள் வழியாக மேல்நோக்கி மெதுவாகத் தள்ளுவது. காற்றுக்கு மேலே போவதுதான் இஷ்டம். டப்பா நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் துணை இல்லாதபோது நிப்பிளைத் திறந்துவிட்டு டப்பாவை நிரப்பிக்கொண்டே உட்கார்ந்தாலும், ஆயில் தானாகச் சொட்டிக் காற்றைத் தள்ளிவிடும். பொறுமை வேண்டும்.

17. சிந்தின ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்; துடைத்தால் மட்டும் போதாது, பெயின்ட் போய்விடும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி டாக்டரைப் பாருங்கள். பழைய ஆயிலை வாய்க்காலில் கொட்டக் கூடாது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்தான் கீழே வயலுக்கும் குடிக்கவும் போகிறது.

18. லோயர் கேம்பைத் தாண்டி மின்நிலையக் குழாய்கள் தெரியும் ஏற்றத்தில் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டால்? இடது ஓரம்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துக் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆட்களை மலைப்பக்கமாக இறக்குங்கள். முதலில் பெடலைக் கையால் தூக்கிப் பம்ப் அடித்துப் பாருங்கள். டப்பாவில் ஆயில் இருந்தால் சில கியர் மாற்றத்துக்காவது தள்ளு வரும். வண்டியில் எப்போதும் ஒரு சிறு பாட்டில் பிரேக் ஆயில் சீல் உடைக்காமல் இருக்கட்டும்.

முதல் கியரில் வைத்தபடியே சாவி திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகிக் கிளம்பிவிடும் என்று டிரைவர்கள் சொல்வது உண்மை. அது ஆளில்லாத சமரோட்டில், பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போவதற்கான வித்தை. நிறுத்த வேண்டுமென்றால் நியூட்ரலுக்கு இழுக்க வேண்டும், இல்லையேல் எஞ்சினை அணைக்க வேண்டும். ஆள் ஏற்றிய ஜீப்பில், கொண்டை ஊசி வளைவில், அந்த வித்தை வேண்டாம்; வேறு வண்டி வரச் சொல்லுங்கள்.

19. வளைவில் எதிரே லாரி வருகிறது என்று காத்திருக்கும்போது வண்டியைப் பாதிக் கிளட்சில் தாங்கிப் பிடிப்பதுதான் இந்தப் பக்கத்தில் பிளேட்டுகளைத் தின்கிறது. ஹேண்ட்பிரேக்கில் நிறுத்தி, கிளம்பும்போது மட்டும் விடுங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. இறங்குபவர் அதை மதித்தாலே ஏறுபவரின் கிளட்ச் பல வருஷம் கூடுதலாக உழைக்கும். இறக்கத்தில் கிளட்சை மிதித்தபடியோ நியூட்ரலிலோ உருட்டுவது டீசல் மிச்சம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் பிடி போய், முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பெடல் மேல் காலை ஓய்வாக வைத்து ஓட்டுவதும் ரிலீஸ் பேரிங்கைத் தேய்க்கும். அதன் அடையாளம் மிதித்ததும் எழும் கீச்சொலி.

20. கடைசியில் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டுமென்றால் பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் நாலையும் சேர்த்து மாற்றுங்கள், கூலி ஒன்றுதான். எஞ்சின் பின் ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே மூடச் சொல்லுங்கள், எண்ணெய் பட்ட புது பிளேட்டு பழையதைவிட மோசமாக வழுக்கும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலை வரை தேய்ந்த பிளேட்டா, இன்னும் கனம் மிச்சமுள்ள பிளேட்டா என்பது அதில் தெரிந்துவிடும்.